வளவு மாறும் மரம்: கொழும்பில் வளர்ந்த மரத்தைப் பெயர்த்து நடுவது எப்படி

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு பழைய வீடு தொடர்மாடி கட்டுபவரின் கைக்குப் போனால், மதில் இடிபடுவதற்கு முன்பே முற்றத்து மரம் விழுந்துவிடுகிறது. விற்றவர்களில் சிலருக்கு மனம் கேட்பதில்லை. "அப்பா வைத்த மாமரம். தெஹிவளையில் தங்கச்சி வீட்டில் இடம் இருக்கிறது. கொண்டுபோகலாமா?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் வீட்டுத் திறப்பை ஒப்படைக்க இரண்டு கிழமை இருக்கும்போதுதான் இந்தக் கேள்வி வருகிறது. கொண்டுபோகலாம். ஆனால் இரண்டு கிழமையில் முடியாது.

நான் தொழில்முறைத் தோட்டக்காரன் அல்லன். வளவு வேலையில் பித்துப்பிடித்த ஓய்வூதியக்காரன். எனதும் உறவினரதுமாக இதுவரை ஏழு மரங்களை இடம் மாற்றியிருக்கிறேன். ஐந்து நிற்கின்றன. போன இரண்டில் ஒன்று, தோண்டுவதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்யாததால் போனது. மற்றது, நட்ட பிறகு செய்யக் கூடாததைச் செய்ததால் போனது. தோண்டித் தூக்கும் நாளில் ஊரே கூடிப் பார்க்கும். மரத்தின் விதியோ அதற்கு முந்திய மூன்று மாதங்களிலும் பிந்திய ஒரு வருடத்திலும்தான் தீர்மானமாகிறது. இந்தக் கட்டுரையின் நீளமும் அந்தக் கணக்கிலேயே இருக்கும்.

முதலில், எந்த மரம்?

எல்லா மரமும் வளவு மாறச் சம்மதிக்காது. ஆல், அரசு, அத்தி வகைகள் மிகவும் தாராளமானவை. எங்கே வெட்டினாலும் வேர்விடும். அநுராதபுரத்து ஸ்ரீ மகா போதி, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிளையாக வந்து வேரூன்றியதாகத்தான் மகாவம்சம் சொல்கிறது. கோயிலுக்கும் விகாரைக்கும் முன்னால் நிற்கும் அரலியா மரமும் சுலபமானது. பால் வடிந்து வெட்டுக்காயம் உலர்ந்தபின் நட்டால் பெரிய கிளைகூடப் பிடித்துக்கொள்ளும். தென்னை, கமுகு போன்றவையும் சொல்கேட்கும். அவற்றுக்கு விதிமுறை வேறு என்பதால் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

தேசி, மாதுளை, கொய்யா, ஜம்பு, சிறிய மா ஆகியவை நடுத்தரம். கவனமாகச் செய்தால் வரும். பலா, வேம்பு, பட்டர் புரூட் ஆகியவை கடினம். பலாவின் ஆணிவேர் ஆழமாகப் போய்விடும். அதை வெட்டினால் மரம் எளிதில் மன்னிப்பதில்லை. நன்கு வளர்ந்த பலாவைப் பெயர்ப்பதைவிட அதன் கொட்டையைப் புதிய வளவில் ஊன்றுவது மேல். முருங்கைக்கு இந்தப் பாடே தேவையில்லை: கை மொத்தத்தில் ஒரு கிளையை வெட்டி நட்டால் போதும். கறிவேப்பிலைக்கு அடியில் முளைத்து நிற்கும் பக்கக் கன்றை வேரோடு பிரித்தெடுத்தால் அதே மரம்தான். பப்பாசியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சட்ட விடயம் ஒன்று. பலாமரத்தை, அது உங்கள் சொந்த வளவில் நின்றாலும், அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஈரப்பலாவும் அந்தப் பட்டியலில் உண்டு. வெட்டவில்லை, வேரோடு கொண்டுபோகிறேன் என்று நீங்கள் சொன்னாலும், இடிந்த வீட்டு வளவில் ஒரு வெறுங்கிடங்கைப் பார்க்கும் அயலவருக்கு வித்தியாசம் தெரியாது. கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தென்னைக்கும் அதையே செய்யுங்கள். மதிலுக்கு வெளியே வீதியோரத்தில் நிற்கும் மரம் உங்கள் மரமல்ல. அது உள்ளூராட்சி சபையின் பொறுப்பு.

மரத்தின் உடல்நிலையையும் பாருங்கள். அடிமரத்தைத் தட்டினால் பொந்துச் சத்தம் கேட்கிறதா? அடியில் காளான் தட்டுத்தட்டாக நிற்கிறதா? கறையான் புற்று ஏறியிருக்கிறதா? அப்படியானால் அந்த மரம் இந்தப் பயணத்தைத் தாங்காது. ஒரு கிளையை ஒட்டுக்கட்டியோ பதியம் வைத்தோ அதன் வாரிசைக் கொண்டுபோவது புத்தி.

அளவுநாடாவும் ஒரு சிறு கணக்கும்

தரையிலிருந்து 15 சென்டிமீற்றர் உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி நாடாவைப் பிடியுங்கள். வரும் சுற்றளவை மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ விட்டம் கிடைக்கும். அந்த விட்டத்தைப் பத்தால் பெருக்குங்கள். வேரோடு சேர்த்துத் தோண்டி எடுக்க வேண்டிய மண்கட்டியின் குறைந்தபட்ச அகலம் அதுதான். பன்னிரண்டால் பெருக்கினால் மரத்துக்கு இன்னும் நல்லது. ஆழம் 45 முதல் 60 சென்டிமீற்றர் போதும். மரத்துக்குத் தண்ணீரும் உணவும் இழுக்கும் சல்லிவேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணில்தான் இருக்கிறது.

இனி எடையைப் பாருங்கள். 8 சென்டிமீற்றர் விட்டமுள்ள ஒரு மாமரத்துக்கு 80 சென்டிமீற்றர் அகலமும் 45 சென்டிமீற்றர் ஆழமும் கொண்ட மண்கட்டி வேண்டும். ஈரமண் கன மீற்றருக்கு ஒன்றரைத் தொன்னுக்கு மேல் நிறுக்கும். அடிப்பக்கம் ஒடுங்கி வருவதைக் கழித்தாலும் ஏறக்குறைய 300 கிலோ. அதே மரம் 15 சென்டிமீற்றர் தடித்திருந்தால் மண்கட்டி ஒன்றரை மீற்றர் அகலமாகிவிடும். எடை ஒன்றரைத் தொன்னை நெருங்கும். தடிப்பு இருமடங்குகூட ஆகவில்லை, பாரமோ ஐந்து மடங்காகிவிட்டது.

ஆகவே என் வரம்பு இது: 8 சென்டிமீற்றர் வரை ஆறேழு பேர், பலகை, கயிறு. 10 சென்டிமீற்றரைத் தாண்டினால் கிரேன் பொருத்திய லொறி. 20 சென்டிமீற்றரைத் தாண்டினால் அனுபவமுள்ள நிறுவனம், அல்லது ஒரு நல்ல புகைப்படமும் ஒரு புதிய கன்றும். லொறி உள்ளே வருமா என்பதையும் இப்போதே பாருங்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஆட்டோ திரும்புவதே ஒரு கலை.

மழையைக் கேட்டு நாள் குறித்தல்

கொழும்பில் மாரி என்று ஒன்று தனியாக இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று; ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் இடியோடு இறங்கும் இடைப்பருவ மழை; ஜனவரி, பெப்ரவரியில் வறட்சி. யாழ்ப்பாணத்து நினைப்பில் தை பிறந்தபின் வளவு வேலையைத் தொடங்குபவர்கள் இங்கே ஏமாறுவார்கள்.

எனக்குப் பிடித்த நாட்கள் செப்டெம்பர் கடைசியும் ஒக்டோபர் முதலும். பருவக்காற்றின் வேகம் தணிந்திருக்கும், மழை இனித்தான் பலக்கும். நட்ட மரத்துக்கு வறட்சிக்கு முன் மூன்று மாத ஈரம் கிடைக்கும். அடுத்தது ஏப்ரல் கடைசி. மே, ஜூன் மாதங்களில் மழைக்குக் குறைவில்லை, ஆனால் கடலிலிருந்து வீசும் காற்று புதிதாக நட்ட மரத்தை நாள் முழுக்க ஆட்டிக்கொண்டே இருக்கும். ஆடும் மரத்தில் புதிய சல்லிவேர் முளைக்க முளைக்க அறுந்துபோகும். ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை வேண்டவே வேண்டாம். நான் இழந்த முதல் மரம், கொட்டாஞ்சேனையில் நின்ற ஒரு தேசி. வீட்டை ஒப்படைக்கும் அவசரத்தில் பெப்ரவரி நடுவில் ஒரே நாளில் தோண்டித் தூக்கினோம். பத்தாம் நாள் அதன் இலைகள் அப்பளமாக நொறுங்கின.

மரத்தின் நாட்காட்டியும் ஒன்று உண்டு. மாமரம் செந்நிறத் தளிர் விட்டு நிற்கும்போதும் பூத்து நிற்கும்போதும் அதைத் தொடாதீர்கள். தளிர் முற்றிப் பச்சையாகி, மரம் சும்மா இருப்பதுபோல் தெரியும் நேரமே சரியான நேரம்.

மூன்று மாதங்களுக்கு முன்: வேரை மெல்ல வெட்டுதல்

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

வளர்ந்த மரத்தின் வேர் கிளைகளின் விரிவையும் தாண்டிப் போயிருக்கும். தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய நுனிகள் எல்லாம் அந்தத் தூரத்தில் இருக்கின்றன. அடிமரத்தை ஒட்டி இருப்பவை தடித்த வேர்கள். அவை மரத்தைப் பிடித்து நிறுத்தவும் தண்ணீரைக் கடத்தவும் மட்டும் உதவும். ஒரே நாளில் தோண்டினால் தடித்த வேரின் கட்டைகள்தான் நம்மோடு வரும், வாய் எல்லாம் பழைய வளவிலேயே கிடக்கும். இலைகள் மட்டும் வழக்கம்போலத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கும். என் தேசி செத்தது இப்படித்தான்.

இதற்கு வழி, வேரை முன்கூட்டியே வெட்டி, வெட்டிய இடத்திலிருந்து புதுச் சல்லிவேரை மண்கட்டிக்குள்ளேயே வளரவைப்பது. ஒக்டோபரில் பெயர்ப்பதானால் ஜூன் கடைசியில் தொடங்குங்கள்.

தீர்மானித்த அகலத்துக்கு மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் கீறுங்கள். அதை ஆறு துண்டுகளாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று துண்டுகளில் மட்டும், ஒரு மண்வெட்டி அகலத்தில் 45 சென்டிமீற்றர் ஆழத்துக்குக் கான் வெட்டுங்கள். கான் வட்டத்துக்கு வெளிப்பக்கமாக இருக்கட்டும். விரல் தடிப்புக்கு மேற்பட்ட வேர் வந்தால் மண்வெட்டியால் கொத்தாமல் கூரான கைவாளாலோ கத்தரிக்கோலாலோ நேராக அறுங்கள். பிய்ந்த வேர் அழுகும். சுத்தமாக அறுத்த வேர் அந்த வாயிலிருந்தே புதிதாக வெடிக்கும். வெட்டுக்காயத்தில் தாரோ பெயின்ரோ பூச வேண்டாம். பிறகு தோண்டிய மண்ணோடு கொஞ்சம் கூட்டெருவும் தும்புத்தூளும் கலந்து கானை மூடி, நன்றாகத் தண்ணீர் விடுங்கள்.

ஆறேழு கிழமை கழித்து மற்ற மூன்று துண்டுகளையும் இதேபோல் செய்யுங்கள். இன்னும் ஆறு கிழமை பொறுத்துப் பெயர்க்கலாம். இந்த நாட்களில் மழை இல்லாவிட்டால் வட்டத்துக்குள் தண்ணீர் விட மறக்கக் கூடாது. மரம் சில இலைகளை உதிர்க்கும், பயப்பட வேண்டாம். முதலில் மூடிய கானை ஓரிடத்தில் மெதுவாகக் கிளறிப் பாருங்கள். வெள்ளை நூல்போல வேர்கள் தெரிந்தால், பாதி வேலை முடிந்தது.

கபுக் கல் கலந்த இறுகிய செம்மண் வளவில் இந்தக் கான் வெட்டுவது முதுகை முறிக்கும் வேலை. அலவாங்கு இல்லாமல் ஆகாது. கடற்கரைப் பக்கத்து மணலிலோ வெட்டுவது சுலபம், மண்கட்டி நிற்காது. மணலில் நிற்கும் மரத்துக்கு இந்த முன்வேலை இரட்டிப்பு அவசியம்: புதுச் சல்லிவேர் வலைபோலப் பின்னி மணலைப் பிடித்துக்கொள்ளும்.

புதிய கிடங்கை முதலில் வெட்டுங்கள்

மரம் லொறியில் காத்துக்கிடக்கக் கிடங்கு வெட்டும் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். அது கல்யாணத்தன்று சமையற்காரரைத் தேடுவது போன்றது. ஒரு கிழமைக்கு முன்பே இடத்தைத் தீர்மானித்துக் கிடங்கை ஆயத்தம் செய்துவிடுங்கள்.

இடம் பார்க்கும்போது மேலே மின்கம்பி, கீழே தண்ணீர்க் குழாய், மலக்குழி ஆகிய மூன்றையும் நினைவில் வையுங்கள். மாமரத்துக்கு மதிலிலிருந்து நான்கு மீற்றராவது விடுங்கள். பக்கத்து வீட்டாரோடு பிறகு வரும் இலைக்குப்பைச் சண்டையும் குறையும். கடற்காற்று நேரே அடிக்கும் இடமானால் உப்பு இலையைக் கருக்கும். அங்கே தென்னை, பூவரசு, புன்னை தாங்கும். மாவுக்கு ஒரு கட்டடத்தின் மறைவு தேவை. கடலோரக் கிணறாக இருந்தால் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர்த்தால் அதை ஊற்ற வேண்டாம்.

கிடங்கின் அகலம் மண்கட்டியைப்போல் இரண்டு மடங்கு, முடிந்தால் மூன்று. ஆழம் மண்கட்டியின் உயரம் மட்டும். ஒரு விரற்கிடைகூட அதிகம் வேண்டாம். கிளறிய மண் பிறகு அமரும். மரமும் சேர்ந்து தாழும். அடிமரம் அகன்று வேராகப் பிரியும் இடம் எப்போதும் தரைமட்டத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதை மண்ணால் மூடினால் பட்டை அழுகி மரம் மெதுமெதுவாகச் சாகும். இரண்டு மூன்று வருடம்கூட இழுத்துக்கொண்டு கிடக்கும்.

பிறகு தண்ணீர்ச் சோதனை. கிடங்கில் முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் வடிகால் இல்லை. கிருலப்பனைக் கால்வாய்ப் பக்கம், பத்தரமுல்லையின் பள்ளக் காணிகள் போன்ற இடங்களில் இது சாதாரணம். அங்கே கிடங்கை ஆழம் குறைத்து, மண்கட்டியின் மேற்பகுதி 15, 20 சென்டிமீற்றர் தரைக்கு மேலே நிற்கும்படி வைத்து, சுற்றிலும் மண்ணைச் சரிவாக அணைத்து ஒரு மேடாக்கி நடுங்கள். நிரப்பிய காணியானால் செங்கல் துண்டும் சீமெந்துக் கட்டியும் வரும். அவற்றைப் பொறுக்கி வெளியே போடுங்கள்.

கிடங்குக்குள் கூட்டெருவை வாரி நிரப்பும் ஆசையை அடக்குங்கள். என் இரண்டாவது இழப்பு அதனால்தான். இறுகிய களியில் வெட்டிய கிடங்கை, அன்பு மிகுதியால், பாதிக்குப் பாதி கூட்டெருவால் நிரப்பி ஒரு மாவை வைத்தேன். மழை பெய்தபோது சுற்றுக் களி தண்ணீரை உறிஞ்சவில்லை. கிடங்கு ஒரு தொட்டியாகிவிட்டது. இலை மஞ்சளாவதைப் பார்த்து, தாகம் என்று நினைத்து, இன்னும் தண்ணீர் விட்டேன். கடைசியில் தோண்டிப் பார்த்தபோது வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. தோண்டிய அதே மண்ணால் மூடுங்கள். எரு மேலே போதும்.

பெயர்க்கும் நாள்

முதல் நாள் மாலை மண்கட்டி முழுவதும் ஊறும்படி தண்ணீர் விடுங்கள். ஈரமண் ஒன்றாக நிற்கும், மரமும் நிறைகுடமாகப் புறப்படும். மேற்குப் பக்கம் பார்க்கும் பட்டையில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வையுங்கள். புதிய இடத்திலும் அந்தப் பக்கம் மேற்கையே பார்க்கட்டும். வெளிநாட்டு வழிகாட்டிகள் வடக்கைக் குறிக்கச் சொல்லும். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு 7 பாகை வடக்கே மட்டும் இருப்பதால், ஏப்ரல் முதல் வாரத்துக்கும் செப்டெம்பர் முதல் வாரத்துக்கும் இடையே சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகவும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாகவும் போகிறது. இங்கே பட்டையைச் சுடுவது பின்னேர வெயில்தான்.

கிளைகளை உச்சியில் மொட்டையடிக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். புது வேருக்குச் சாப்பாடு இலையிலிருந்துதான் வருகிறது. காய்ந்தவை, முறிந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை, உள்ளே நெருக்கமாக நிற்பவை ஆகியவற்றை மட்டும் அடியோடு எடுத்து, மொத்தத்தில் கால்வாசி இலையைக் குறைத்தால் போதும். முன்வேலை செய்யாத மரமானால் மூன்றில் ஒரு பங்குவரை போகலாம். மிஞ்சும் கிளைகளைச் சணல் கயிற்றால் மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

பழைய கானுக்குச் சற்று வெளியே தோண்டத் தொடங்குங்கள். உள்ளே தோண்டினால் மூன்று மாதம் வளர்த்த சல்லிவேரை நாமே அறுத்துவிடுவோம். வேண்டிய ஆழம் வந்ததும் பக்கங்களைக் கீழ்நோக்கிச் சரித்து, மண்கட்டியை ஒரு பெரிய பூச்சாடி வடிவத்துக்குச் செதுக்குங்கள். இந்தக் கட்டத்திலேயே, அடியை வெட்டுவதற்கு முன்பே, சணல் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். பிளாஸ்டிக் உரப்பை வேண்டாம். கட்டியபின் அடியில் கைவாளை விட்டு ஆணிவேரையும் மற்றவற்றையும் அறுங்கள். அலவாங்கால் நெம்பி மரத்தை உலுக்கிச் சரிப்பது ஒரு நொடியில் முடியும் வேலைதான். மண்கட்டி உள்ளுக்குள் வெடித்திருப்பது அப்போது தெரியாது, ஒரு மாதத்தில் தெரியும்.

அடிமரத்தில் கயிறு போட்டுத் தூக்கவே கூடாது. மழைக்காலத்தில் பட்டை இளகியிருக்கும். 300 கிலோ தொங்கினால் வாழைப்பழத் தோல்போல உரியும். பாரம் எப்போதும் மண்கட்டியின் அடியில் போட்ட அகலமான பட்டிகளில் இருக்க வேண்டும். கிரேன் இல்லாவிட்டால், கிடங்கின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டி, மண்கட்டிக்கு அடியில் ஒரு தடித்த தகரத்தைச் செருகி, தகரத்தோடு சேர்த்து இழுங்கள். தூக்கும் வேளையில் மண்கட்டிக்குக் கீழே எவரும் காலையோ கையையோ விடக் கூடாது. தடித்த சப்பாத்து இல்லாதவரை வேலைக்கு இறக்காதீர்கள்.

லொறியில் மரத்தைப் படுக்கவைத்து இலைப்பகுதியை நிழல்வலையால் போர்த்துங்கள். ஓடும் லொறியின் காற்று, வெயிலைவிட வேகமாக இலையை உலர்த்தும். காலி வீதி நிரம்புவதற்கு முன், விடியற்காலையில் போய்ச் சேர்வது எல்லோருக்கும் நல்லது.

இறக்கியதும் மண்கட்டியைத் தூக்கி வைத்து, உயரத்தையும் சுண்ணாம்புப் புள்ளியையும் சரிபாருங்கள். மட்டம் சரியில்லையென்றால் இப்போதே எடுத்துத் திருத்துங்கள். பிறகு யாரும் வரமாட்டார்கள். கயிறு எல்லாவற்றையும் அறுத்தெடுங்கள். சாக்கின் மேற்பாதியை வெட்டி அகற்றுங்கள். அடியில் சிக்கியது உக்கிவிடும். கிடங்கைப் பாதி மூடித் தண்ணீர் ஊற்றுங்கள், மண் தானாக அமரட்டும், பிறகு மீதியை மூடுங்கள். காலால் மிதித்து இறுக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. மிதித்தால் வேருக்குக் காற்று போகாது. தண்ணீரே மிதிக்கும் வேலையைச் செய்துவிடும்.

தென்னைக்கும் கமுகுக்கும் சொல்வதாகச் சொன்னேன். அவற்றுக்குத் தடித்த வேர் கிளைவிட்டுப் படர்வதில்லை. அடியிலிருந்து ஒரே தடிப்பில் நூற்றுக்கணக்கில் புறப்படும். ஆகவே சிறிய மண்கட்டி போதும், அடிமரத்திலிருந்து ஒரு முழத் தூரம் விட்டால் நன்று. ஆனால் உயிர் முழுவதும் உச்சியில் உள்ள ஒரே குருத்தில் இருக்கிறது. கீழ் ஓலைகளைக் கழித்து, மேல் ஓலைகளைக் குருத்தைச் சுற்றி அணைத்துக் கட்டுங்கள். குருத்து நசுங்கினால் தென்னை முடிந்தது. ஆழமாக நட்டால் காற்றில் விழாது என்று நினைத்து அரை மீற்றர் புதைப்பவர்களும் உண்டு. அது வேரை மூச்சுமுட்டவைக்கும்.

பிறகு வரும் ஒரு வருடம்

முட்டுக்கம்பு மூன்று. ஒன்று கட்டாயம் தென்மேற்குப் பக்கம். மரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் கட்டுங்கள், அதற்கு மேலே வேண்டாம். பழைய சைக்கிள் டியூப்பைக் கீறிக் கட்டுவது நல்லது; கம்பி பட்டையை அறுக்கும். உச்சி சற்று ஆட வேண்டும், அடி ஆடக் கூடாது. ஒரு வருடத்துக்குள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

மூடாக்காகக் காய்ந்த இலையோ தும்போ ஏழெட்டுச் சென்டிமீற்றர் கனத்துக்குப் பரப்பி, அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விடுங்கள். தேங்காய் மட்டை போடுவதானால் கவிழ்த்துப் போடுங்கள். நிமிர்ந்து கிடக்கும் மட்டையில் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு ஒரு கிழமை, பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். மரத்தைக் காப்பாற்றப் போய்ச் சுகாதாரப் பரிசோதகரிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

தண்ணீர் விடுவதில்தான் நிதானம் தேவை. 8 சென்டிமீற்றர் மரத்துக்கு ஒரு தடவைக்கு 20 முதல் 25 லீற்றர், ஒரு பெரிய வாளியை இரண்டு தரம் மெதுவாகச் சாய்த்த அளவு. முதல் இரண்டு கிழமை, மழை இல்லாத நாட்களில் தினமும். பிறகு மூன்று மாதம்வரை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை. அதன்பின் கிழமைக்கு ஒருமுறை. ஆனால் இந்தக் கணக்கை நம்புவதற்கு முன் விரலை நம்புங்கள். மூடாக்கை விலக்கி மண்கட்டிக்குள் விரலை முழுவதும் விட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள புதுமண் ஈரமாக இருந்தும் மண்கட்டி மட்டும் காய்ந்துபோவது உண்டு, ஏனென்றால் வேர் இன்னும் வெளியே வரவில்லை; தண்ணீர் முழுவதையும் அந்தச் சிறிய உருண்டையிலிருந்துதான் இழுக்கிறது. ஆகவே ஊற்றுவதும் அடிமரத்தைச் சுற்றி மண்கட்டியின் மேலேயே. விரல் சேறாக வந்தால் அன்று விட வேண்டாம். மஞ்சள் இலையைக் கண்டதும் வாளியைத் தூக்குபவருக்கு என் மாமரத்தின் கதையை நினைவூட்டுகிறேன்.

ஜனவரி வெயில் வந்ததும் மேற்குப் பக்கம் ஒரு நிழல்வலை கட்டுங்கள். முன்பு நிழலில் இருந்த அடிமரம் இப்போது வெயிலில் நின்றால், நீர்த்த சுண்ணாம்பைப் பூசிவிடுங்கள்.

பசளை வேண்டாம். ஆறு மாதத்துக்கு யூரியா என்ற சொல்லையே மறந்துவிடுங்கள். அது இலையைத் தள்ளும். இலை தண்ணீர் கேட்கும். கொடுக்க வேர் இருக்காது. கடையில் விற்கும் வைட்டமின் பி1 போத்தலும் மரத்துக்கு உதவியதாக ஆய்வுகளில் நிறுவப்படவில்லை. முதல் தளிர் வந்து முற்றியபின் மூடாக்கின் கீழே இரண்டு வாளி கூட்டெரு தூவலாம்.

முதல் இரண்டு மாதங்களில் மரம் உங்களைப் பயமுறுத்தும். இதில் ஓர் அடையாளத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளாகி உதிரும் இலை நல்ல செய்தி: மரம் உயிரோடு இருந்து, தன் செலவைக் குறைக்கிறது. கபில நிறமாகக் கருகி, உதிராமல் கிளையிலேயே தொங்கும் இலைதான் கெட்ட செய்தி. உதிர்ப்பதற்குக்கூட அந்தக் கிளைக்கு உயிர் இல்லை. சந்தேகம் இருந்தால் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் காத்திருங்கள். நுனியில் தொடங்கி அடிநோக்கிச் சுரண்டினால் உயிர் எதுவரை இருக்கிறது என்று தெரியும். காய்ந்த பகுதியை அதுவரை வெட்டிவிடலாம். முழுதாக மொட்டையான அரலியா மூன்று மாதம் கழித்துத் தளிர்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வெப்பத்தில், அடிமர விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு மூன்று நான்கு மாதம் என்று கணக்கு வையுங்கள். 8 சென்டிமீற்றர் மரத்துக்கு ஏறத்தாழ ஒரு வருடம். அதற்கிடையில் ஒரு பெரிய தொல்லை வரும், அது பூ. வேர் அறுந்த அதிர்ச்சியில் சில மாமரங்கள் அடுத்த பருவத்திலேயே கொத்துக்கொத்தாகப் பூக்கும். வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள், மாமியார் ஊறுகாய்ச் சாடியைக் கழுவி வெயிலில் வைப்பார். காய் பிடித்தால் புது வேருக்குப் போக வேண்டிய சத்து முழுவதும் அதற்குப் போய்விடும். கொத்துகளைப் பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள். அந்த வருட ஊறுகாய்க்குச் சந்தையில் மாங்காய் வாங்கிக்கொள்ளலாம்.